கோதுமையும் பாலும் நிறுத்தினோம், பையன் பேசிவிட்டான் (தலைப்பை இப்போது மாற்ற முடியவில்லை, கடைசி வரை படித்துவிட்டுத் திட்டவும்)

12 மார்ச் 2023

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பையனுக்கு ஐந்தரை வயது, ஆட்டிசம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தில் சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறோம், சொந்த ஊர் அம்பாசமுத்திரம். மனைவி நர்ஸ், மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி, அதனால் அடுப்பு என் பொறுப்பு. பிப்ரவரி 20இலிருந்து கோதுமை, பால் இரண்டையும் அடியோடு நிறுத்தினேன். பன்னிரண்டாவது நாள் ராத்திரி எட்டு மணிக்கு லோட் ஷெடிங்கில் (இங்கே முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) விளக்கு அணைந்தது, இருட்டில் பையன் தெளிவாக "கரண்ட் போச்சு" என்றான். அதுவரை அவன் வாயில் "தா", "வேணா", இரண்டும் போக ஒரு கத்தல், அவ்வளவுதான். மனைவி டூட்டியில் இருந்தாள், போனில் சொன்னேன், அழுதாள்.

டாக்டர்கள் ஏன் இதைச் சொல்வதே இல்லை? செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.

14 மார்ச்

அவன் என்னதான் சாப்பிடுவான் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பிப்ரவரி வரைக்கும் மொத்தம் எட்டு. ஓரம் வெட்டிய வெள்ளை பிரெட். நீலக் கப்பில் பால் (வேறு கப்பில் கொடுத்தால் அது பால் இல்லை). மேரி பிஸ்கட், உடைந்தது செல்லாது. வியன்னா சாசேஜ் (பதப்படுத்திய இறைச்சி), ஒரே கம்பெனி. முறுகல் தோசை. உப்பு மட்டும் போட்ட உருளைக்கிழங்கு சிப்ஸ். தோல் சீவிய ஆப்பிள். அப்புறம் வெள்ளைச் சோற்றில் ரசத்தின் தெளிவு. அதில் ஒரு கடுகு மிதந்தாலும் தட்டு பறக்கும்.

கோதுமையும் பாலும் போனதும் பிரெட், பால், பிஸ்கட் மூன்றும் போயின. வியன்னா பாக்கெட்டைத் திருப்பினால் அதிலும் கோதுமை. இந்த நாட்டில் 2010இல் வந்த லேபிள் விதிப்படி பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா, கோதுமை போன்றவற்றைப் பாக்கெட்டில் சொல்லியே ஆக வேண்டும், அதனால் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எட்டில் மிச்சம் நாலு.

அன்றைக்கு இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்குப் பயம் வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

2 ஏப்ரல்

இந்தப் பத்தியத்துக்கு ஆதாரம் கேட்டவருக்கு. கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதமும் பாலில் இருக்கும் கேசின் என்ற புரதமும் சரியாகச் செரிக்காமல் துண்டு துண்டாக ரத்தத்தில் கலந்து, அபின் மாதிரி மூளையை மந்தமாக்குகின்றன என்று ஒரு கொள்கை உண்டு. வீடியோவில் பார்த்தேன். நீங்கள் சொன்ன, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுக் குழுவின் 2008 தொகுப்பாய்வையும் பார்த்தேன். நடந்த சோதனைகள் ரொம்பச் சின்னவை, இதை வைத்து எல்லோருக்கும் இந்தப் பத்தியத்தைச் சொல்ல முடியாது என்கிறது. பேப்பரில் எழுதியது அது, என் பையன் பேசியது என் வீட்டில். எதை நம்புவேன்?

(பிறகு சேர்த்தது: இந்தப் பதிவின் தொனிக்கு மன்னிக்கவும். அழிக்கலாம் என்று பார்த்தேன், கீழே பலர் இதற்குத்தான் பதில் எழுதியிருக்கிறார்கள், இருக்கட்டும்.)

23 ஏப்ரல்

பிப்ரவரியில் 17.4 கிலோ, இப்போது 16.1. ஊசி போட்ட தேதி, எடை எல்லாம் குறிக்கும் ரோடு டு ஹெல்த் புத்தகத்தில் வளர்ச்சிக் கோடு ஐந்து வயதோடு நின்றுவிடுகிறது, அதனால் நான் பார்க்கவே இல்லை. எடை மெஷினில் ஏற்றியது மனைவிதான். ஏற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

டயட்டீஷியனிடம் போனோம். அந்த அம்மா முதலில் கேட்டது: "கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால் சீலியாக் ரத்தப் பரிசோதனை எடுத்தீர்களா?" இல்லை. சீலியாக் என்பது க்ளூட்டன் குடலைப் பாதிக்கும் நோய், க்ளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அந்தச் சோதனை எதையாவது காட்டும். நிறுத்தி இரண்டு மாதம் ஆனபின் எடுத்து, இல்லை என்று வந்தால், உண்மையில் இல்லையா, நிறுத்தியதால் தெரியவில்லையா என்று யாருக்கும் தெரியாது. ஆகவே மறுபடி சில வாரம் தினமும் கோதுமை கொடுத்துவிட்டு எடுக்க வேண்டும்.

அடுத்து பால். நான் பாதாம் பால் வாங்கி வைத்திருந்தேன், நல்ல விலை. ஒரு கப் மாட்டுப் பாலில் புரதம் எட்டு கிராம் வரும், அந்தப் பாதாம் பாலில் ஒரு கிராம்தான். இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும், பையனுடைய நாலு ஐட்டத்தில் அதில் கால்வாசி கூடத் தேறாது. ஆட்டிசம் உள்ள சிறுவர்களின் எலும்பு மற்றப் பையன்களுடையதைவிட மெலிந்திருக்கிறது, பால் பொருள் நிறுத்தியவர்களிடம் அது இன்னும் அதிகம் என்று 2008இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறதாம். 2008ஆம் வருஷத்துக்கு என் மேல் என்ன கோபமோ.

30 ஏப்ரல்

இதை எழுதத்தான் வந்தேன், மற்றதெல்லாம் அப்புறம். பிரெட் திரும்ப வாங்கினேன். அதே கம்பெனி, ஓரம் வெட்டி, அதே தட்டு. தொடவில்லை. நீலக் கப்பில் பால். மோந்து பார்த்தான், கப்பைக் கொண்டுபோய் சிங்கில் வைத்தான். கொட்டக்கூட இல்லை, அவனைப் பொறுத்தவரை அந்த விஷயம் முடிந்துவிட்டது.

நாம் நிறுத்தினால் நாமே மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். இந்தக் குழந்தைகள் ஒரு சாப்பாட்டை இரண்டு மாதம் பார்க்கவில்லை என்றால் அது அவர்கள் ஜாபிதாவிலிருந்து போய்விடுகிறது, சில நேரம் வருஷக்கணக்கில். டயட்டீஷியன் சொன்னபோது தலையாட்டினேன், சிங்கில் கப்பைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

மேரி பிஸ்கட்டும் வியன்னாவும் மட்டும் தப்பித்தன. நன்றி மேரியம்மா.

14 மே

சொன்னால் சிரிப்பீர்கள். நேற்று ரசத்துக்குப் பெருங்காயம் தீர்ந்துவிட்டது என்று புது டப்பா உடைத்தேன். லேபிள் படிக்கும் வியாதி இப்போது எனக்கு இருப்பதால் திருப்பிப் பார்த்தேன். முதல் பொருள் கோதுமை மாவு. பெருங்காயம் அதற்கும் கீழே. கூட்டுப் பெருங்காயம் என்றால் கூட்டுவது எதை என்று நாற்பது வருஷமாக நான் யோசித்ததே இல்லை.

பிப்ரவரி 20இலிருந்து தினமும் ரசத் தெளிவு. தினமும் ஒரு சிட்டிகை. அதாவது "அடியோடு நிறுத்தினேன்" என்று மேலே முழங்கியிருக்கிறேனே, கோதுமையை நான் நிறுத்தவே இல்லை. அவன் "கரண்ட் போச்சு" என்ற அன்று மத்தியானமும் ரசம்தான்.

15 மே

ஆமாம், சிரியுங்கள். மனைவி இன்னும் நிறுத்தவில்லை.

சீலியாக் என்று உறுதியான குழந்தை வீட்டில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பு இல்லை, அவர்களுக்கு அந்தச் சிட்டிகையும் ஆகாது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். சாதாரண ஓட்ஸும் அரைக்கும் மில்லிலேயே கோதுமை கலந்து வரும். எங்கள் விஷயத்தில் டயட்டீஷியன் சொன்னது இன்னும் கொடுமை: "இந்த அளவு ரத்தப் பரிசோதனைக்குப் பத்தாது, பத்தியம் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது."

4 ஜூன்

அப்படியானால் பேசினது எப்படி? மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள், நானும் இரண்டு வாரமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் கேட்டேன். பயிற்சி ஆரம்பித்தது ஜனவரியில். இதை நான் மார்ச்சில் எழுதவில்லை, மறைக்க நினைத்ததில்லை, கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்தப் பெண் ஒன்றுதான் கேட்டாள்: "வீட்டில் எல்லோரும் தினமும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, ஒரே குரலில் சொல்லும் வாக்கியம் எது?" மின்வெட்டு ஸ்டேஜ் 6 வரை ஏறி ஓடிக்கொண்டிருந்த காலம். சில நாள் மூன்று தடவை, நாலு தடவை. விளக்கு அணையும், ஃபிரிட்ஜ் சத்தம் நிற்கும், உடனே நானும் மனைவியும் மாமியாரும் (அப்போது வந்திருந்தார்) சேர்ந்திசை மாதிரி "கரண்ட் போச்சு". இதைவிட நல்ல பேச்சுப் பயிற்சியை யாரும் திட்டம் போட்டு நடத்த முடியாது என்றாள்.

இன்னொன்றும் இருக்கிறது. அவனுக்கு எப்போதும் மலச்சிக்கல், பிப்ரவரி தொடக்கத்தில்தான் அதற்கு மருந்து ஆரம்பித்தோம். வயிறு இறுகிப்போன குழந்தை சாப்பிடவும் மாட்டான், தூங்கவும் மாட்டான், எதிலும் கவனமும் வராது. இரண்டு மாதத்துக்குள் மூன்று காரியம் நடந்தது, நான் மாலை போட்டது நான் செய்த ஒன்றுக்கு மட்டும்.

பத்தியம் யாருக்கும் உதவாது என்று சொல்ல வரவில்லை. அலர்ஜி, சீலியாக் என்று நிரூபணம் ஆன குழந்தைக்கு அது மருந்து. என் பையனுக்கு அது என்ன செய்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது, ஏனென்றால் அவனுக்கு அது ஒழுங்காக நடக்கவே இல்லை. எடை குறைந்தது மட்டும் நிஜமாக நடந்தது.

18 ஜூன்

நல்ல செய்தி ஒன்று.

பக்கத்து வீட்டு ஆயா. ஐந்தாவது தலைமுறை, கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் வம்சம். தமிழில் சாமி பேர், சாப்பாட்டுப் பேர், உறவுமுறை, கெட்ட வார்த்தை நாலும் உண்டு, மிச்சமெல்லாம் டர்பன் இங்கிலீஷ். சனிக்கிழமை சுவர் மேலாக, "தம்பி, புட்டு போட்டிருக்கேன், பிள்ளையை அழைச்சிட்டு வா" என்றார். நான் குழாய்ப் புட்டு என்று நினைத்து ஏலக்காய் வாசனையை எதிர்பார்த்துப் போனேன். அது ஸுலு மக்கள் செய்யும் ஃபூட்டு. மக்காச்சோள மாவுதான், இங்கே மீலி மீல் என்பார்கள். உப்புத் தண்ணீர் கொதித்ததும் மாவை நடுவில் மலை மாதிரி கொட்டி, கிளறாமல் மூடி வைத்து, கொஞ்சம் வெந்தபின் முள்கரண்டியால் உடைத்து உடைத்து, சின்னத் தீயில் அரை மணி நேரம் விடுகிறார். உதிரி உதிரியாக, வெள்ளையாக, ஈரமே இல்லாமல் இருக்கிறது. அவர்கள் அதைப் புளித்த பாலோடும் பீன்ஸ் கறியோடும் சாப்பிடுகிறார்கள். ஆயாவுக்கு நம்ம புட்டும் அதுவும் ஒரே பேர், ஒரே சாமான், நான் வேறு வேறு என்று விளக்கப்போய் அசடானேன்.

பையன் அடுப்பு மேடை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஆயா யாரையும் சாப்பிடச் சொல்லவில்லை. ஒரு மூடியைத் திருப்பி அதில் ஒரு கைப்பிடி போட்டு அவன் பக்கம் தள்ளிவிட்டு, திரும்பி பீன்ஸைப் பார்க்கப் போய்விட்டார். அவன் ஒரு உதிரியை எடுத்தான், விரலால் நசுக்கினான், ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தான், கீழே போட்டான். இன்னொன்று. நாலாவதோ ஐந்தாவதோ நாக்கில் போனது. நான் மூச்சு விடவில்லை. வெளியே துப்பி, அதையும் பார்த்துவிட்டு, திரும்ப வாயில் போட்டுக்கொண்டான். மூடி காலி.

வெள்ளை, உலர்ந்தது, எல்லாத் துண்டும் ஒரே மாதிரி, கடுகு கிடையாது. அவன் கேட்பது இது நாலுதான் போலிருக்கிறது, சத்தைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை.

எனக்கு உண்டே. 2003 அக்டோபரிலிருந்து இந்த நாட்டில் மக்காச்சோள மாவிலும் ரொட்டி செய்யும் கோதுமை மாவிலும் விட்டமின் ஏ, பி வகைகள், ஃபோலிக் அமிலம், இரும்பு, துத்தநாகம் எல்லாம் கலந்தே விற்க வேண்டும் என்று சட்டம். நான் வெறும் மாவு, குப்பை என்று நிறுத்திய வெள்ளை பிரெட்டில் அதெல்லாம் இருந்தது. நான் கொடுத்த அரிசியில் இல்லை. மக்காச்சோளத்தில் க்ளூட்டனும் கிடையாது, நிஜமாகவே பத்தியம் இருக்க வேண்டியவர்கள் விலை கூடின பாக்கெட்டைத் தேடுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

2 ஜூலை

சின்னச் சின்ன பதில்கள்.

வலிப்புக்குக் கீட்டோ பத்தியம் (கொழுப்பு அதிகம், மாவுச்சத்து மிகக் குறைவு) பற்றிக் கேட்ட சகோதரிக்கு: அதை இதோடு சேர்க்காதீர்கள். அது 1921இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கிலிருந்து வந்த பழைய மருத்துவ முறை, மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு வேலை செய்கிறது, கொழுப்பைக் கிராம் கணக்கில் எடை போட்டுக் கொடுப்பார்கள், அடிக்கடி ரத்தம் பார்ப்பார்கள். யூடியூப் பார்த்து ஆரம்பிக்கும் காரியம் இல்லை. பிகேயு (புரதத்தின் ஒரு பகுதியை உடம்பு உடைக்க முடியாத பிறவிக் கோளாறு) குழந்தைகளுக்கும் அப்படித்தான், அங்கே புரதக் கட்டுப்பாடு தவறினால் மூளையே பாதிக்கும். அவர்கள் என் மாதிரி பெருங்காய நகைச்சுவை எழுதிக்கொண்டிருக்க முடியாது.

"இந்தச் சாப்பாட்டு அடம் வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும்" என்று எழுதியவருக்கு: பல பேருக்கு ஆகும். ஆகாதவர்களும் உண்டு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கம் ஒரு பையன் வருஷக்கணக்காகச் சிப்ஸ், வெள்ளை பிரெட், பதப்படுத்திய இறைச்சி என்றே ஓட்டிக் கண் பார்வையை இழந்தது 2019இல் மருத்துவ இதழில் வந்தது. பயமுறுத்த எழுதவில்லை. சரி, கொஞ்சம் பயமுறுத்தத்தான்.

மனைவி சொன்னது: பையன் கால் வலிக்கிறது என்று நடக்க மறுத்தால் அடம் என்று விடாதீர்கள். சாப்பாடு சுருங்கிப்போன ஆட்டிசக் குழந்தைகளுக்கு விட்டமின் சி குறைந்து ஸ்கர்வி வருவதுண்டு, முதல் அடையாளம் சில சமயம் நடக்காமல் போவதுதான். ஆப்பிள் பழம்தானே என்று நான் நிம்மதியாக இருந்தேன். நூறு கிராம் ஆப்பிளில் ஐந்து மில்லிகிராம் வந்தால் அதிகம், கொய்யாவில் இருநூறுக்கு மேல். இங்கே சாட்ஸ்வொர்த்தில் பங்களாதேஷ் மார்க்கெட்டில் இப்போது கொய்யா குவிந்து கிடக்கிறது. பழமாகத் தொடமாட்டான், வடிகட்டிய ஜூஸ் நீலக் கப்பில் போகிறது. நீலக் கப் திரும்ப வேலைக்கு வந்துவிட்டது.

16 ஜூலை

ஆறு வாரத்துக்கு மேல் மேரி பிஸ்கட் தின்ன வைத்து ரத்தம் எடுத்தோம். சீலியாக் இல்லை.

30 ஜூலை

ஆடி மாசம், இங்கே ஒவ்வொரு மாரியம்மன் கோவிலிலும் கூழ் ஊற்றுகிறார்கள், போரிட்ஜ் பிரேயர் என்பது ஊர் வழக்கு. ஊரில் கேழ்வரகு, இங்கே மீலி மீலைப் புளிக்க வைத்துக் காய்ச்சுகிறார்கள். ஃபூட்டு சாப்பிடுகிறவன் இதையும் சாப்பிடுவான் என்று சொம்போடு வரிசையில் நின்றேன். ஒரு விரல் விட்டான், ஈரம், உடனே என் வேட்டியில் துடைத்தான். சாமான் ஒன்று, அவனுக்கு அது வேறு உலகம்.

கேழ்வரகு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் என்று நானும்தான் படித்தேன். நிறம் பார்த்துவிட்டு "மண்ணு" என்றான். புதுச் சொல் வந்தது என்று சந்தோஷப்பட்டு மாவை மூடி வைத்தேன்.

27 ஆகஸ்ட்

வியன்னா கம்பெனி பாக்கெட் படத்தை மாற்றிவிட்டான். உள்ளே அதே சாமான். மூன்று நாள் பட்டினிப் போராட்டம். கடைசியில் குப்பையிலிருந்து பழைய பாக்கெட்டை எடுத்துக் கழுவி, புதுசை அதில் போட்டு, அவன் கண் முன்னால் வெட்டித் திறந்தேன். பழைய பாக்கெட் இப்போது கிழிந்துகொண்டிருக்கிறது, டேப் ஒட்டியிருக்கிறேன்.

சாப்பாட்டில் போடும் சாயம் குழந்தையைத் துறுதுறுப்பாக்குமா என்ற கேள்விக்கு: அது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. 2007இல் சவுத்ஹாம்ப்டன் ஆய்வில் சில செயற்கைச் சாயங்களும் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் குடித்த குழந்தைகளிடம் துறுதுறுப்பு கொஞ்சம் கூடியது, அதிலிருந்துதான் ஐரோப்பாவில் 2010 முதல் டார்ட்ராசின் என்ற மஞ்சள் சாயம் உட்பட ஆறு சாயங்களுக்கு எச்சரிக்கை வாசகம் போடுகிறார்கள். அது ஆட்டிசக் குழந்தைகளை வைத்து நடந்ததில்லை. சாயத்தை நிறுத்துவதில் எங்கள் வீட்டில் நஷ்டம் எதுவும் இல்லை, எப்படியும் அவன் தொடுவது பெரும்பாலும் வெள்ளைதான்.

24 செப்டம்பர்

புரட்டாசி. இங்கே தமிழர் வீடுகளில் புரட்டாசியை ஊரைவிடக் கறாராகப் பிடிக்கிறார்கள், மாசம் முழுக்கக் கறி கிடையாது, பாத்திரத்தையே தனியாக எடுத்து வைப்பார்கள். எங்கள் பையனுக்கு இருக்கும் ஒரே இறைச்சி வியன்னா. மனைவி நிறுத்தலாம் என்றாள், ஒரு மாதம்தானே என்று. எனக்கு சிங்கில் வைத்த நீலக் கப் ஞாபகம் வந்தது. முடியாது என்றேன். இந்த வீட்டில் நான் முடியாது என்று சொன்னது அபூர்வம்.

ஆயாவிடம் பயந்துகொண்டே போய்க் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை: "பிள்ளைக்கு ஏது புரட்டாசி. ஆனா என் சுவர் பக்கம் வறுக்காதே." பின்வாசலில் சின்ன கேஸ் அடுப்பு, தனி வாணலி, காற்று அந்தப் பக்கம் அடிக்காத நேரம் பார்த்து தினமும் இரண்டு வியன்னா.

12 நவம்பர்

நிலவரம் கேட்டவர்களுக்கு. 18.2 கிலோ. ஜாபிதா இப்போது பத்து. பிரெட் திரும்பவில்லை, திரும்பும் என்ற நம்பிக்கையும் இல்லை. பால் நீலக் கப்பில் இல்லை, மூடி வைத்த பச்சைக் கப்பில், உறிஞ்சியோடு, சாயங்காலம் மட்டும். கால்சியம் மாத்திரையைப் பொடித்து எதிலும் கலக்கவில்லை, கலந்து மாட்டிக்கொண்டால் அந்த ஐட்டமும் போய்விடும் என்று டயட்டீஷியன் கையெடுத்துக் கும்பிட்டார். ஃபூட்டுவிலிருந்து அரிசிப் புட்டு, அதிலிருந்து தேங்காய்ப் பூ தூவிய புட்டு, ஒவ்வொரு படிக்கும் ஏழெட்டு வாரம் ஆனது.

சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டித் தட்டு வைக்கிறோம். அதில் இருப்பதைச் சாப்பிட வேண்டியதில்லை, தொடலாம், மோக்கலாம், விடலாம். மனைவி அதற்கு வைத்த பேர் விசாரணைக் கமிஷன்.

போன வாரம் ரசத்தில் நான் கவனிக்காமல் ஒரு கடுகு தப்பி வந்துவிட்டது. நான் தட்டைப் பிடிக்கக் கை நீட்டினேன். அவன் அதை ஒரு விரலால் சோற்று ஓரத்துக்குத் தள்ளி, நகத்தில் ஒட்டவைத்து எடுத்து, குட்டித் தட்டின் நடுவில் வைத்தான். மிச்சச் சோற்றைச் சாப்பிட்டான். அடுத்த தடவை வேண்டுமென்றே ஒன்று போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறாள். உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்?